முப்பத்தொன்பது டிகிரி

நாலோமவாய்
14 மார்ச் 1979

மச்சான் எமோசி,

இந்தத் தடவை உன் தொப்பையைப் பற்றியும் உன் ஊர்க்காரர்கள் வலை வீசுகிற லட்சணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை. கேலி பண்ணுகிற நிலையில் நான் இல்லை. நாளைக் காலை கொப்பரைக் கப்பல் சுவாவுக்குக் கிளம்புகிறது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் சமையல் குடிசையில் தீப்பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரி, உன் தங்கை உனைசிக்கு வலது கை முழங்கை வரைக்கும், கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துபோயிருக்கிறது. நீ அவளைப் பற்றி வாய்திறந்து கேட்க மாட்டாய். வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்ற நம் வழக்கத்தைப் பாதிரியாரை விடப் பத்திரமாகக் காப்பாற்றுகிறவன் நீ. ஆகவே நீ கேட்காமலே சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லை. நர்ஸம்மா படகில் வந்து கட்டுப்போட்டாள். விரல்களை மறுபடி மடக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அவள் ஸ்டவ்வைப் பற்றவைக்கக்கூட இல்லை. எண்ணெய்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள். "விறகு அடுப்பு ரெண்டு முழம் தள்ளி இருந்துச்சு. அங்கேருந்து நீலமா ஒண்ணு தரையோட ஓடி வந்துச்சு, அவ்ளோதான் தெரியும்" என்கிறாள். மண்ணெண்ணெய் அப்படி ஓடி வராது, பெட்ரோல்தான் ஓடி வரும். இந்த ஊரில் கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

அதனால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் விற்கிறவன் நான். பள்ளிக்கூடப் படகுக்கு அரசாங்கம் தருகிற பெட்ரோலைப் பக்கத்துக் கொட்டகையில் வைத்திருப்பவனும் நான். சொந்தக்காரர்கள் கேட்டார்கள் என்று மண்ணெண்ணெயை வாரி வாரிக் கொடுத்துவிட்டு, குறைந்த அளவுக்குப் பெட்ரோலை ஊற்றி நிரப்பிவிட்டேனாம். எல்லோரும் சேர்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் என் பக்கத்தில் இடம் காலியாகவே இருக்கிறது.

நான் ஊற்றவில்லை. பீப்பாயின் எண் 714. உன் எண்ணெய்க் கம்பெனியின் சீல் உடையாமல்தான் வந்தது, நான்தான் உடைத்தேன். அந்த எண்ணெயை யார் பரிசோதித்தது, என்ன வந்தது என்று பார்த்து எழுது. அடுத்த கப்பல் வந்ததும் ஊர்க்கூட்டம். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

விலிகேசா


சுவா
29 மார்ச் 1979

அன்புள்ள விலிகேசா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் இருப்பவர்களுக்காகத் தீப்புண் களிம்பு ஆறு டப்பா இதனுடன் அனுப்பியிருக்கிறேன். கட்டு மாற்றும்போது தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம் என்று டாக்டர் சொன்னார்.

714 உள்ளிட்ட இருபத்திரண்டு பீப்பாய்களும் ஒரே தொட்டியிலிருந்து நிரப்பியவை. அந்தத் தொட்டியின் எண்ணெயைப் பிப்ரவரி 8 அன்று பரிசோதித்தது நானேதான்.

எப்படிப் பார்க்கிறோம் என்று உனக்குத் தெரியாது, ஆகவே சொல்கிறேன். பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, மூடி போட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து மெல்லச் சூடேற்றுவோம். அரை டிகிரிக்கு ஒரு தடவை மூடியில் இருக்கிற சின்ன ஜன்னலைத் திறந்து, பயறு அளவு சுடரை உள்ளே காட்டி எடுப்போம். எந்தச் சூட்டில் எண்ணெயின்மேல் நீலமாக ஒன்று ஓடி மறைகிறதோ அதுதான் ஃப்ளாஷ் பாயிண்ட். மண்ணெண்ணெய்க்கு அது முப்பத்தெட்டு டிகிரிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தொட்டியை மூடி வைத்துவிடுவார்கள். நான் ஒருமுறைக்கு இரண்டு முறை பார்ப்பேன், இரண்டாம் முறைக்குக் கிண்ணத்தைக் கழுவிப் புது எண்ணெய். எனக்கு வந்தது முப்பத்தொன்பது. சான்றிதழின் நகலை இணைத்திருக்கிறேன்.

ஆகவே எண்ணெய் எங்களிடமிருந்து கிளம்பும்போது சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை நீதான் சொல்ல வேண்டும். கோபப்படாமல் யோசித்துப் பார். பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஒரே கைப்பம்பா? பள்ளிக்கூடப் படகுக்கு வந்த பெட்ரோல் எவ்வளவு, இப்போது இருப்பது எவ்வளவு? ஒரு பீப்பாயில் ஒரு வாளி கலந்தாலே போதும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் கடை அரிசி மூன்று மூட்டை குறைந்தபோது எலி தின்றுவிட்டது என்று எழுதினாய். அந்த எலிகளுக்கெல்லாம் உன் மாமன் மகன்களின் ஜாடை இருந்தது. உன்னால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும்.

பீப்பாயில் மிச்சம் இருந்தால் மாதிரி அனுப்பு. கண்ணாடிப் பாட்டில், கழுத்து வரைக்கும் முழுசாக. தக்கை வைத்து மெழுகு ஊற்றி, நிழலில் வைத்து அனுப்பு. எஞ்சின் அறைப் பக்கம் வைக்கவே கூடாது.

எமோசி


நாலோமவாய்
21 ஏப்ரல் 1979

எமோசி,

உன் சான்றிதழுக்கு ரொம்ப நன்றி. அது இல்லாமல் இருந்திருந்தால் ஊருக்கு என்மேல் சந்தேகம் மட்டும்தான் இருந்திருக்கும்.

கூட்டத்தில் அதை ஆசிரியை மிலிகா எழுந்து நின்று படித்தாள். சான்றிதழோடு நின்றிருக்கலாம். ஊர்த் தலைவர் செவனாயா விடவில்லை. "கூட ஒரு கடுதாசி இருக்கில்ல? அதையும் படிம்மா. எல்லாத்தையும் கேப்போம்" என்றார். அவள் பாவம், படித்தாள். எலி வந்தது. கைப்பம்பு வந்தது. என்னால் யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது என்பதும் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செவனாயா கேட்டார்: "விலிகேசா, இதை எழுதினது வெளியாள் இல்ல. உன் அம்மா கூடப் பொறந்தவரோட மகன், உன் பொண்டாட்டியோட அண்ணன். அவனே இப்படிக் கேக்குறான். நீ என்னப்பா சொல்றே?"

"நான் ஊத்தல" என்றேன். வேறென்ன சொல்ல? பம்புகள் இரண்டு. மண்ணெண்ணெய்ப் பம்பின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. பெட்ரோலில் ஒரு சொட்டுக் குறையவில்லை, அளந்து காட்டினேன். "அளக்குற கோலும் உன் கையிலதானே இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

உனைசி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சான்றிதழைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் உங்கள் பெரியப்பா லெபானியின் வீட்டுக்குப் போய்விட்டாள். "எங்கண்ணன் பொய் எழுதமாட்டான்" என்றாள். நான் எழுதுவேன் என்று அவள் சொல்லவில்லை, எனக்குத்தான் அது கேட்டது.

இப்போது நான் உன்னைக் கேட்கிறேன். கையெழுத்துப் போடும் அதிகாரத்தை நம் ஆட்களில் உனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். கம்பெனிக்காரன் அதை எதற்குக் கொடுத்தான்? நல்ல எண்ணெயை நல்லது என்று எழுதுவதற்கா, எதைக் கொடுத்தாலும் நல்லது என்று எழுதுவதற்கா? எனக்கு இப்படி ஒரு நினைப்பு வரும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் மூக்கில் குத்தியிருப்பேன்.

இன்னொன்று. சுவாவில் இருக்கிற அம்மா, என் தங்கச்சியை எழுதச் சொல்லிப் போன கப்பலில் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறாள். நீ அவளுக்குப் பிப்ரவரியில் லேபிலிருந்து ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொடுத்தாயாம். ஸ்டவ் நன்றாக எரிந்ததாம், ஆனால் பற்றவைக்கும்போதெல்லாம் ஒரு துள்ளு துள்ளியதாம். அது எந்த எண்ணெய்?

மாதிரியைக் கப்பல் சமையல்காரன் கையில் கொடுத்திருக்கிறேன். கழுத்து வரைக்கும் முழுசாக.

விலிகேசா


சுவா
6 மே 1979

விலிகேசா,

மாதிரி வந்தது. கழுத்து வரைக்கும் முழுசாக அல்ல, பாதிதான் இருந்தது. மெழுகு உடைந்திருந்தது, தக்கைக்குப் பதில் துணி திணித்திருந்தது. சமையல்காரனைக் கேட்டேன். "ஈர விறகுண்ணே, பத்த மாட்டேன்னுச்சு. கொஞ்சூண்டுதான் எடுத்தேன்" என்றான். பாட்டில் மூன்று நாள் அடுப்புப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

இருந்தாலும் பார்த்தேன். நாற்பது வந்தது. உடனே சந்தோஷப்படாதே, நானும் படவில்லை. அந்த அளவை ஊர்க்கூட்டத்தில் காட்டவும் முடியாது. மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்திருந்தால், முதலில் ஆவியாகி ஓடுவது பெட்ரோல்தான். பாட்டிலில் பாதி காலியாக இருந்து, சூட்டில் வைத்து, வாயும் சரியாக மூடாமல் இருந்தால் அது பறந்துபோய்விடும். மிஞ்சுவது நல்ல மண்ணெண்ணெய் போலவே நடந்துகொள்ளும். கெட்ட எண்ணெயும் நல்ல அளவைக் காட்டும். அதனால்தான் திறந்து வைத்த எண்ணெயையும், ஒருமுறை சூடேற்றிய எண்ணெயையும் மறுபடி

மே 7

நேற்று நடுவில் வேலை வந்துவிட்டது.

மாதிரி பற்றி எழுத வேறொன்றும் இல்லை. அத்தைக்குக் கொடுத்தது வேறு எண்ணெய், வேறு தொட்டி. எல்லாம் முடிந்தபின் மிச்சத்தைக் கொடுத்தேன். அதற்கும் 714க்கும் சம்பந்தம் இல்லை.

கம்பெனியைப் பற்றி நீ எழுதியதை மறந்துவிடுகிறேன்.

பீப்பாயில் மீதி இருக்கிற எண்ணெயை யாருக்கும் விற்காமல் இருப்பது நல்லது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

எமோசி


நாலோமவாய்
2 ஜூன் 1979

எமோசி,

நடந்ததை எழுதுகிறேன். கேலி செய்யத் தோன்றினால் செய்துகொள்.

போன மாதம் இருபதாம் தேதி திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு விரிகுடாவைக் கடந்து உங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அப்பா எனக்கு விட்டுப்போன பல், அது ஒன்றுதான் இருந்தது. வாசலில் மண்டியிட்டு இரண்டு கையாலும் நீட்டி, "நான்தான் கலந்தேன், மன்னிச்சுக்குங்க" என்று சொன்னேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். பல்லை நீட்டி மன்னிப்புக் கேட்டால் வாங்கிக்கொண்டே ஆக வேண்டும், வாங்கினால் விஷயம் முடிந்துவிடும், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். செய்யவில்லை என்று நூறு தடவை சொல்லியும் யாரும் நம்பவில்லை. செய்தேன் என்று ஒரே தடவை சொன்னேன், ஊர் முழுக்க நம்பிவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். முப்பத்தொன்பது முப்பத்தொன்பது என்று கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்றைக்காவது மறதியாகப் பம்பை மாற்றிப் போட்டிருப்பேனோ என்று படுத்தால் அதே யோசனை.

பெரியப்பா பல்லை வாங்கிக்கொண்டார். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எல்லோரும் குவித்த கையால் தட்டினார்கள். உனைசி கதவோரம் நின்றிருந்தாள். நான் எழுந்ததும் கிட்டே வந்தாள்.

"மொத நாளே இதைச் சொல்லியிருந்தா வீட்டை விட்டே வந்திருக்க மாட்டேன். ரெண்டு மாசமா என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பொய் சொன்னியே, அதுக்கு எத்தனை பல்லு கொண்டாருவே?"

வரவில்லை. கடைச் சாவியையும் செவனாயா வாங்கிக்கொண்டார். செய்யாத குற்றத்தை ஒத்துக்கொண்டு நிஜமாகவே பொய்யன் ஆனேன். எண்ணெய் விஷயத்தில் இல்லையென்றாலும் இதில் ஆகிவிட்டேன்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இப்போது கடை இல்லை, யோசிக்க நேரம் நிறைய.

போன கடிதத்தில் நீ ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டாய். உன் எழுத்தை இருபது வருஷமாகப் படிக்கிறேன் மச்சான். நீ பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால்கூட வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்திருக்கிறவன். அதனால் அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். அந்தப் பாட்டிலை அவள் தூக்கிப்போடவில்லை, தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். அதில் ஒட்டியிருக்கிற சீட்டில் பிப்ரவரி 8 என்று உன் கையெழுத்தில் இருக்கிறதாம். சான்றிதழிலும் அதே தேதி. அன்றைக்கு நீ அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, "வேலை இன்னும் முடியல அத்தை, போய்த்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாயாம்.

இரண்டாம் முறைக்குப் புது எண்ணெய் என்று நீதான் எழுதினாய். பாட்டில் முழுசும் அம்மாவோடு பஸ் ஏறிய பிறகு, உனக்குப் புது எண்ணெய் எங்கிருந்து வந்தது?

விலிகேசா


சுவா
15 ஜூன் 1979

மச்சான்,

எங்கிருந்தும் வரவில்லை.

இதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். லேபுக்குள் இனி எனக்கு நாற்காலி கிடையாது. முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

அன்றைக்குக் காலை தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் மாதிரி வந்தது. கிண்ணத்தை நிரப்பி வைத்தேன். அப்போது காவலாளி வந்து கூப்பிட்டான், வாசலில் அத்தை. "டேய் எமோசி, சர்ச்சு விருந்துக்குச் சமைக்கணும்டா, பொம்பளைங்க எல்லாம் வந்தாச்சு. ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஒரு சொட்டு இல்ல. உங்கிட்ட இல்லாத எண்ணெயா?" என்றாள். அப்பாவின் கூடப்பிறந்தவள் வாசலில் நின்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல நம் இரண்டு பேரில் எவனால் முடியும்? உன்னைப் பார்த்து எலிக்கதை சொன்னேனே, நான் மட்டும் யார்? மிச்ச எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப்போவது லேபில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சோதனை முடிந்தபின் எடுப்போம். நான் முடியுமுன் கொடுத்தேன். எப்போதும் சரியாக வருகிற எண்ணெய்தானே, இன்றைக்கும் வரும் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து சுடரைக் காட்டினேன். முப்பத்தொன்றில் ஓடியது மச்சான். நீலமாக, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, தெளிவாக.

நம்பவில்லை. சுடர் பெரிதாகிவிட்டது, அதனால் முன்னாடியே பற்றிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது எண்ணெய் போட்டுப் பார்க்கப் பாட்டில் இல்லை. வேறு மாதிரி வேண்டும் என்றால் பெரிய கெமிஸ்ட் ஹாலட்டிடம் போய், பாட்டில் எங்கே என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். நம் ஆட்களில் முதல் கையெழுத்து என்னுடையது. சொந்தக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்மைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குத் தெரியும். அதை நானே மெய்யாக்கிக் காட்டவா? மத்தியானம் கப்பலில் ஏற்றவும் காத்திருந்தார்கள். மூடியைக் கழற்றினேன். சுடரைச் சின்னதாக்கினேன். கிண்ணத்தை மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து ஆறவிட்டு, அதே எண்ணெயை மறுபடி சூடேற்றினேன். முப்பத்தொன்பது வந்தது. முதலில் வந்த அளவை எழுதவில்லை. இரண்டாவதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒருமுறை சூடேற்றிய எண்ணெயை மறுபடி பார்க்கக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. நான் பாதியில் விட்ட வாக்கியமும் அதுதான். உனக்கு விளக்கிக்கொண்டே வந்தபோது பேனா நின்றது. அதுவரைக்கும் நிஜமாகவே உன்னைத்தான் சந்தேகப்பட்டேன், சத்தியம். மே 6 முதல் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாற்பது நாள். அத்தனை நாளும் அந்த எண்ணெய் ஐந்து தீவுகளில் சமையல் குடிசைகளில் இருந்தது. நீ மண்டியிட்டது மே 20. மே 7 அன்று நான் உண்மையை எழுதியிருந்தால் உன் அப்பாவின் பல் இன்னும் உன் பெட்டியில் இருந்திருக்கும்.

நேற்று உன் கடிதம் வந்ததும் ஹாலட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் கிடங்கில் மீதி இருந்த ஒரு பீப்பாயைத் திறக்கச் சொன்னார். அவரே பார்த்தார், முப்பதரை. பெட்ரோல் போன குழாயைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே மண்ணெண்ணெயை விட்டிருக்கிறார்கள். என் கையெழுத்துதான் அதைத் தடுத்திருக்க வேண்டும். உடனே ரேடியோவில் எல்லாத் தீவுகளுக்கும் சொல்லிவிட்டார்கள். வேறு எங்கும் யாருக்கும் எதுவும் ஆகவில்லையாம். உன் வீட்டில் மட்டும்தான்.

என்னை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை.

ஹாலட் கையெழுத்துப் போட்ட கடிதமும் முப்பதரை என்று போட்ட புதுச் சான்றிதழும் இதில் இருக்கின்றன. இந்தக் கடிதத்தையும் கூட்டத்தில் முழுசாகப் படிக்கச் சொல், ஒரு வரி விடாமல். அடுத்த கப்பலுக்கு அடுத்த கப்பலில் நான் வருகிறேன். ஒரு பல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உன் முன்னாலும் பெரியப்பா முன்னாலும் மண்டியிடுகிறேன்.

கீழே இருப்பது உனக்கு இல்லை. வழக்கத்தை மீறுகிறேன், பாதிரியார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

உனைசி, அவன் கலக்கவில்லை. நான்தான் பொய் எழுதினேன். நீ உன் அண்ணனை நம்பியதுதான் தப்பு.

எமோசி


நாலோமவாய்
8 ஜூலை 1979

மச்சான்,

படித்தார்கள். மிலிகாதான் படித்தாள், பாதியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டாள். மீதியைச் செவனாயா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு வரி விடவில்லை. எங்கம்மா வாசலில் நின்று கேட்ட இடத்தில் மட்டும் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

செவனாயா சாவியை என் முன்னால் வைத்தார். "எடுத்துக்கப்பா" என்றார். அளக்கிற கோலைப் பற்றிப் பேசியவன் மறுநாள் ஒரு கூடை சேப்பங்கிழங்கை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். பெரியப்பா பல்லைத் திருப்பிக் கொண்டுவந்தார். பீப்பாயை உருட்டிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றிவிட்டோம்.

உனைசி வந்துவிட்டாள். சமாதானமாகி வந்தாள் என்று நினைக்காதே. வந்ததும் பிடித்துக்கொண்டாள். "செய்யாததைச் செஞ்சேன்னு எதுக்குச் சொன்னே? உன்னை நம்பலாம்னு நினைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதானே என் காதுல கேட்டுச்சு?" மூன்று நாள் சண்டை. அவள் சொல்வது நியாயம்தான். நான்காம் நாள் சாப்பாடு போட்டாள், இடது கையால்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பிப்ரவரிக்காக இல்லை. அம்மா கேட்டிருந்தால் நானும் கொடுத்திருப்பேன், முப்பத்தொன்றைப் பார்த்து நானும் பயந்திருப்பேன். அந்த நாற்பது நாளுக்காகத்தான் கோபம். அது இன்னும் ஆறவில்லை.

அவளுக்காக நீ எழுதிய அந்தக் கடைசி மூன்று வரியை உனைசி தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அதை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. நேற்று நான் இந்தக் கடிதத்துக்குக் காகிதம் எடுத்தபோது கிட்டே வந்து உட்கார்ந்தாள். வழக்கப்படி நேராக உனக்குச் சொல்லாமல், என்னிடம்தான் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவங்கள இந்தக் கப்பல்ல வர வேணாம்னு எழுது. பல்லைக் கொண்டாந்து நீட்டிட்டா பெரியப்பா வாங்கித்தான் ஆகணும். நீயும் வாங்கித்தான் ஆகணும். வேணாம்னு யாராலயும் சொல்ல முடியாது. எல்லாரும் கை தட்டிட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

கட்டு அவிழ்த்த கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையோடு ஒட்டி மடங்கியே இருக்கின்றன.

"என்னால தட்ட முடியாதுன்னு எழுது."

விலிகேசா